ஃபோர்ட் போர்ட்டல், உகாண்டா: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

உகாண்டா போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கொரில்லா பார்த்தாயா?" பார்க்கவில்லை. அதற்கு ஆளுக்கு 800 டாலர். நான் போனது நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் ஃபோர்ட் போர்ட்டல் என்ற ஊருக்கு. ஐந்து இரவு தங்கினேன். அங்கேயும் காட்டில் சிம்பன்சி பார்க்கும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொட்டத்தான் வேண்டும். மீதி நாள்களெல்லாம் ஏறக்குறைய ஓசி. அதைச் சொல்ல ஆரம்பித்தபிறகு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

தலைநகர் கம்பாலாவுக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். ருவென்சோரி மலைத்தொடரின் அடிவாரம். மலைக்கு அந்தப் பக்கம் காங்கோ. உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர், அதாவது நம் ஏற்காடு அளவு. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில். அதனால் வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டி விடியும், மாலை ஏழை ஒட்டி இருட்டும். மார்கழியிலும் அப்படித்தான், ஆடியிலும் அப்படித்தான். வெயில் உண்டு, புழுக்கம் இல்லை. இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

2020 ஜூலையில் இதை மாநகரமாக அறிவித்தார்கள். மாநகரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவை அரை மணியில் நடந்து முடிக்கலாம். ம்பாங்கா ஆறு ஊருக்குள் ஓடுகிறது. ஊரைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம், வாழைத்தோட்டம், அதைத் தாண்டினால் காடு. கிபாலே காட்டுக்குப் போகும் சாலையில் வால்பாறை நினைவு வராத தமிழன் இருக்க முடியாது.

ஆப்பிரிக்க ஊருக்கு ஏன் ஆங்கிலப் பெயர்?

தோரோ என்ற சிற்றரசின் தலைநகரம் இது. பக்கத்து புன்யோரோ அரசின் மன்னர் கபலேகா தோரோவை அடக்கப் படை அனுப்பிக்கொண்டே இருந்தார். தோரோ அரசரைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ள 1890களில் பிரிட்டிஷார் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அப்போது உகாண்டாவுக்கு ஆணையராக வந்த ஜெரால்ட் போர்ட்டலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. மனிதர் 1894இலேயே இறந்துவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1967இல் உகாண்டா அரசு எல்லாச் சிற்றரசுகளையும் ஒழித்தது. 1993இல் அதிகாரம் இல்லாத மரபுப் பதவியாக அவற்றைத் திரும்பக் கொடுத்தது. இப்போதைய தோரோ மன்னர் ஓயோ 1995இல் முடிசூடியபோது அவருக்கு வயது மூன்று. கருசிகா குன்றின் மேல் வட்ட வடிவில் அவருடைய அரண்மனை இருக்கிறது. கட்டடத்தில் பிரமாதம் ஒன்றும் இல்லை. ஆனால் வானம் தெளிந்த காலையில் அந்தக் குன்றிலிருந்து ருவென்சோரியைப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஏறலாம்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹாவில் மாறி என்டபே விமான நிலையத்தில் இறங்கலாம். கொழும்பிலிருந்து வருவோருக்கும் இதே வழிதான். மும்பையிலிருந்து என்டபேக்கு உகாண்டா ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் நேரடிச் சேவை தொடங்கியது. தேதி பொருந்தினால் அது சுலபம்.

என்டபேயிலிருந்து கம்பாலா சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து முபெண்டே வழியாக மேற்கே போகும் தார்ச் சாலை நன்றாக இருக்கிறது. பேருந்தில் ஐந்து முதல் ஆறு மணி நேரம். கம்பாலாவை விட்டு வெளியே வருவதற்கே சில நாள் ஒரு மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் சேருங்கள். இரவில் விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக மேற்கே ஓட நினைக்காதீர்கள். என்டபேயில் ஒரு இரவு தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். இரவுச் சாலைப் பயணம் அங்கே யாருமே சிபாரிசு செய்வதில்லை. விளக்கில்லாத லாரிகள்தான் காரணம்.

வண்டிகள் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓடுகின்றன. ஊருக்குள் சுற்ற போடா-போடா என்ற பைக் டாக்சி உண்டு. பதினான்கு பேர் உட்காரும் வேனை அவர்கள் 'டாக்சி' என்கிறார்கள். டாக்சி வேண்டும் என்று கேட்டு, கோழிக்கூடையோடு இருந்த அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தவன் நான்.

விசாவும் தடுப்பூசியும்?

விசா இணையத்தில்தான். சாதாரண சுற்றுலா விசா 50 டாலர். கென்யா, ருவாண்டாவும் சேர்த்துப் போகிறவர்களுக்கு 90 நாள் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்க விசா 100 டாலர்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இதில் அலட்சியம் கூடவே கூடாது. விசா விண்ணப்பத்திலேயே சான்றிதழைக் கேட்பார்கள். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்திய விதிகளில் இடம் இருக்கிறது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே போட வேண்டும்.

மலேரியாவும் உண்டு. புறப்படும் முன்பே தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. மார்ச்-மே, செப்டம்பர்-நவம்பர் மழைக்காலம். குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. மழைக்காடு என்ற பெயர் சும்மா வரவில்லை. நான் ஜூலையில் போயும் இரண்டு நாள் நனைந்தேன்.

சிம்பன்சி பார்ப்பது எப்படி நடக்கிறது?

ஊரிலிருந்து தென்கிழக்கே 35 கிலோமீட்டர் போனால் கன்யாஞ்சு. அதுதான் கிபாலே தேசியப் பூங்காவின் வாசல். 1932இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு 1993இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 795 சதுர கிலோமீட்டர். குரங்கினம் மட்டும் 13 வகை. சிம்பன்சிகள் ஏறத்தாழ 1,500. உகாண்டாவில் இதைவிட அதிகம் வேறு எங்கும் இல்லை.

காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் உள்ளே போகலாம். விதிகளைச் சொல்லிக்கொடுத்து, ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியைக் கொடுப்பார்கள். வழிகாட்டியின் தோளில் துப்பாக்கி இருக்கும். அது சிம்பன்சிக்காக அல்ல, யானைக்காக. கிபாலேயில் காட்டு யானைகள் நிறைய; எதிரே வந்துவிட்டால் வானத்தை நோக்கிச் சுடுவார்கள்.

எங்கள் குழு ஒன்றே கால் மணி நேரம் நடந்தது. சிலருக்குப் பத்து நிமிடத்தில் கிடைக்கும், சிலருக்கு மூன்று மணி ஆகும். முதலில் வருவது சத்தம்தான். தூரத்தில் ஒன்று "ஹூ... ஹூ..." என்று இழுத்து ஆரம்பிக்கும், அடுத்தடுத்த மரங்களிலிருந்து மற்றவை சேர்ந்துகொள்ளும், கடைசியில் எல்லாம் கூடி வீறிடும். பலகை போல அகன்ற மர வேர்களைக் காலால் உதைத்து முரசு மாதிரி ஒலிக்கவும் செய்கின்றன. காட்டுக்குள் முரசு கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும்.

அத்திமரம் பழுத்திருந்தால் மேலே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். நமக்குக் கழுத்து வலிதான் மிச்சம். தரையில் இறங்கிவிட்டால் பத்து மீட்டரில், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடந்துபோகும். எங்களுக்கு இரண்டுமே கிடைத்தது. பெரிய ஆண் ஒன்று வேரில் சாய்ந்து படுத்து, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்த பெரியப்பா மாதிரி இருந்தது. அதன் இடக்கையில் இரண்டு விரல் இல்லை. சிறு மான்களுக்காகக் காட்டில் திருட்டுத்தனமாக வைக்கும் கம்பிச் சுருக்கில் சிக்கிப் போனது என்றார் வழிகாட்டி. கிபாலேயில் இப்படிக் கை கால் ஊனமானவை பல. சுருக்குகளைத் தேடி அகற்றவே தனிக் குழுக்கள் நடக்கின்றன.

பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒரு மணி நேரம். அதன்பின் திரும்ப வேண்டும், பேச்சே இல்லை.

அந்த ஒரு மணிக்கு எவ்வளவு?

வெளிநாட்டவருக்கு 2024 ஜூலை முதல் 250 டாலர். அதற்கு முன் 200 ஆக இருந்தது. உகாண்டா வனவிலங்கு ஆணையம்தான் வசூலிக்கிறது. கட்டணம் மாறும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தகுமா என்றால், எனக்குத் தகும். அந்த அனுமதிச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அப்படி. மனிதரைக் கண்டதும் ஓடும் ஒரு கூட்டத்தை, ஓடாமல் இருக்கப் பழக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் தினமும் பின்தொடர்ந்து நடக்க வேண்டும். உணவு எதுவும் போடுவதில்லை. அதனால்தான் நாம் பார்ப்பது வித்தை காட்டும் பிராணியாக இல்லாமல், தன் வேலையைப் பார்க்கும் காட்டு உயிராக இருக்கிறது.

அவை சாதுவா?

இல்லை. இதைக் கேட்டு மனம் உடைகிறவர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிம்பன்சிகள் செம்முடிக் குரங்குகளைக் கூட்டமாக வேட்டையாடித் தின்னும். இதே காட்டின் நடுவில் ங்கோகோ என்ற இடத்தில், உலகில் இதுவரை அறியப்பட்டதிலேயே பெரிய சிம்பன்சிச் சமூகத்தை விஞ்ஞானிகள் கவனித்துவந்தார்கள். அந்த ஆண்கள் வரிசையாக எல்லைக்காவல் போய், பத்தாண்டுகளில் பக்கத்துக் கூட்டத்தாரில் இருபது பேரைப் போலக் கொன்று, 2009இல் அவர்கள் நிலத்தையும் பிடித்துக்கொண்டன. சுற்றுலாப் பயணிகளுக்கு இதனால் ஆபத்து வந்ததில்லை. ஆனால் 'பாவம், குழந்தை மாதிரி' என்று நினைத்துப் போகாதீர்கள்.

காட்டுக்குள் முகக்கவசம் எதற்கு?

நம்மைக் காக்க அல்ல, அவற்றைக் காக்க. நமக்கு ஜலதோஷம் தரும் ஒரு சாதாரண வைரஸ், 2013இல் கிபாலேயின் கன்யாவாரா கூட்டத்தில் பரவி 56 சிம்பன்சிகளில் ஐந்தைக் கொன்றது. தும்மலோடு போனால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோபப்படாதீர்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சிம்பன்சிக்குப் பணம் இல்லை. போவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிச்சயமாக. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த காலைப்பொழுது பிகோடியில்தான். கன்யாஞ்சுவைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் கிராமம். அங்கே ஒரு சதுப்பு நிலம். ஆள் உயரத்துக்கும் மேல் பப்பைரஸ் கோரை. இதை அரசு நடத்தவில்லை. கிராமத்தார் 1992இல் தாங்களே ஒரு சங்கம் அமைத்துப் பாதுகாக்கிறார்கள். நடைக்கு வாங்கும் சிறு கட்டணம் பள்ளிக்கூடத்துக்கும் ஊர்க் காரியங்களுக்கும் போகிறது.

மூன்று மணி நேரம் மெதுவாக நடந்தால் ஆறேழு வகைக் குரங்கு பார்க்கலாம். செம்முடி கொலோபஸ், கறுப்பு-வெள்ளை கொலோபஸ், செவ்வால் குரங்கு, சாம்பல் கன்ன மங்காபே. கொலோபஸ்கள் நம் நீலகிரிக் கருமந்திக்குச் சொந்தக்காரர்கள். அதே மாதிரி இலை தின்னும் கூட்டம், கிளையில் அதே சோம்பேறி உட்காரல். பறவை பார்ப்பவர்களுக்குப் பெரிய நீலத் துராக்கோ ஒன்று போதும்: கோழியைவிடப் பெரிய உடம்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று சிவகாசி காலண்டர் நிறம், பறக்கத் தெரியுமோ தெரியாதோ என்ற மாதிரி ஒரு தாவல்.

கிபாலே காட்டில் பச்சை மார்புப் பிட்டா என்று ஒரு பறவை உண்டு. நம் ஆறுமணிக்குருவியின் உறவு. அதைப் பார்க்கவே உலகம் பூராவிலிருந்தும் ஆள்கள் இருட்டோடு எழுந்து காட்டுக்குள் போகிறார்கள். நான் பார்க்கவில்லை. வேளச்சேரியில் மொட்டை மாடிக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் கத்தியதைக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஏரிகள் பற்றிச் சொல்கிறார்களே?

ஊருக்குத் தெற்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைவாய் ஏரிகள். கீழே இருந்து ஏறிய நெருப்புக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் அது ஆவியாகி வெடித்து, பூமியில் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்தது. அதில் மழைநீர் தேங்கி ஏரியானது. விளிம்பில் நின்று பார்த்தால் செங்குத்தான சரிவு, அடியில் அசையாத கரும்பச்சைத் தண்ணீர், எதிர்ச்சரிவில் யாரோ வீட்டு வாழைத்தோட்டம்.

ந்யினாம்புகா ஏரி உகாண்டாவின் 20,000 ஷில்லிங் நோட்டில் இருக்கிறது. நோட்டைத் தூக்கிப் பிடித்து ஏரியோடு படம் எடுப்பது அங்கே ஒரு சடங்கு. நானும் எடுத்தேன், மறுக்கவில்லை. ந்குருபா ஏரியோரம் தங்கும் இடமும் இருக்கிறது. மரங்களில் கொலோபஸ் கூட்டம் குதித்துக்கொண்டே இருக்கும்.

ஏரியிலிருந்து ஏரிக்கு நடப்பதுதான் இங்கே செய்ய வேண்டியது. உள்ளூர் இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கூட்டிப்போவார். ஒரு நாள் முழுக்க நடந்தேன். செலவு கம்பாலாவில் ஒரு வேளைச் சாப்பாட்டு அளவுதான். குளிப்பதைப் பற்றி: ஆப்பிரிக்க ஏரிகளில் நத்தைகள் வழியாகத் தோலுக்குள் நுழையும் ஒரு ஒட்டுண்ணிப் புழு உண்டு. 'எங்கள் ஏரியில் அது கிடையாது' என்று எல்லா விடுதிக்காரர்களும் சொல்வார்கள். நான் காலைக்கூட நனைக்கவில்லை.

வேறு என்ன பக்கத்தில்?

வடமேற்கே 50 கிலோமீட்டரில் செமுலிகி தேசியப் பூங்கா. காங்கோவின் பெரிய இத்தூரிக் காடு எல்லை தாண்டி எட்டிப்பார்க்கும் மூலை அது. அங்கே செம்பாயாவில் ஆண் ஊற்று, பெண் ஊற்று என்று இரண்டு வெந்நீர் ஊற்றுகள். பெண் ஊற்றில் தண்ணீர் கொதித்து மேலே பீறிடுகிறது. வழிகாட்டி முட்டையைத் தண்ணீரில் போட்டு அவித்துத் தருவார். போகும் சாலையே பாதி சுகம். மலையைச் சுற்றி இறங்க இறங்க பிளவுப் பள்ளத்தாக்கு விரியும்.

ஊருக்குப் பக்கத்திலேயே அமபெரே குகைகள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து பால் நிறத்தில் நீர் சொட்டும். யாரும் மணந்துகொள்ளக் கூடாது என்று சொந்த மகள் ந்யினாம்விருவின் மார்பை அறுத்த ஓர் அரசனின் கதையை அதற்குச் சொல்கிறார்கள். அப்படியும் அவளுக்குப் பிறந்த மகன் பெரிய அரசனானான். கதையைக் கேட்டதும் எனக்கு நம்மூர்க் கம்சன்தான் ஞாபகம் வந்தான். குகை சின்னதுதான், கதைக்காகப் போகலாம்.

ருவென்சோரி ஏறலாமா?

மார்கரீட்டா சிகரம் 5,109 மீட்டர், ஆப்பிரிக்காவில் மூன்றாவது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே பனிப்பாறை. அதுவும் வேகமாகக் கரைகிறது. ஒரு வாரம் சேற்றில் நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கு உரிய மலை. ஏறத் தொடங்கும் இடங்கள் தெற்கே கசேசே என்ற ஊர்ப் பக்கம் இருக்கின்றன. நான் கீழிருந்து கும்பிட்டதோடு சரி.

சிங்கம் யானை எல்லாம் பார்க்க வேண்டாமா?

வேண்டுமென்றால் தெற்கே இரண்டு மணி நேரத்தில் குயின் எலிசபெத் தேசியப் பூங்கா. கசிங்கா கால்வாயில் படகுச் சவாரி போனால் நீர்யானையும் எருமையும் கைக்கெட்டும் தூரத்தில். அந்தப் பூங்காவின் மரமாகாம்போ காட்டில் மலைப்பாம்புக் குகை என்று வௌவால் குகை ஒன்று உண்டு. அதற்குள் போய்வந்த டச்சுப் பெண் ஒருவர் வௌவாலிடமிருந்து தொற்றும் மார்பர்க் காய்ச்சலில் 2008இல் இறந்தார். இப்போது கண்ணாடி அறைக்குள்ளிருந்து தள்ளி நின்று பார்க்க வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது ஏதாவது வௌவால் குகைக்குள் கூட்டிப்போகிறேன் என்றால், "வேண்டாம்பா" என்று சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் பிழைப்பார்களா?

தாராளமாக. வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்தது மட்டோகே. அதுதான் அன்றாடச் சோறு. கூட பீன்ஸ் குழம்பு, நிலக்கடலைக் குழம்பு, முளைக்கீரை மாதிரியே இருக்கும் 'டோடோ' கீரை. நிலக்கடலைக் குழம்பில் சில இடங்களில் கருவாடு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எனக்கு ஆச்சரியம் கரோ. தட்டில் வந்ததும் அசந்துவிட்டேன். கேழ்வரகுக் களி! அதே நிறம், அதே உருண்டை, விரலால் கிள்ளிக் குழம்பில் தொட்டு விழுங்கும் அதே முறை. தோல் நீக்கி மசித்த பீன்ஸில் செய்யும் ஃபிரிண்டா அதற்குத் துணை. யோசித்தால் அசர வேண்டியது அவர்களல்ல, நாம்தான். கேழ்வரகு முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில். தருமபுரிக்கும் கோலாருக்கும் அது பின்னால் வந்தது. "எங்க ஊர்லயும் இதுதான்" என்று பரிமாறிய அம்மாவிடம் சொன்னேன். சும்மா உபசாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தெருவில் 'ரோலெக்ஸ்' விற்கும். கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டை ஆம்லெட்டைச் சுருட்டியது. 'ரோல்டு எக்ஸ்' என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆனது. சப்பாத்தி இந்தியர்களோடு அங்கே போனது.

மக்கள் எப்படி? மொழி?

ஆங்கிலம் போதும். ஊர்மொழி ருதோரோ. இந்தியர் என்றால் 'முயிண்டி' என்று கூப்பிடுவார்கள், அதில் வசை எதுவும் இல்லை.

தோரோக்காரர்களிடம் எம்பாக்கோ என்று ஒரு வழக்கம் உண்டு. இயற்பெயருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லப்பெயர். மொத்தமே பன்னிரண்டு பெயர்கள்தான்: அமோட்டி, அபோக்கி, அகீக்கி, அதேன்யி, அத்யேரி, அப்வோலி என்று போகும்; அதில் ஒக்காலி அரசருக்கு மட்டும். பார்த்ததும் "உன் எம்பாக்கோ என்ன?" என்று கேட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். மூத்தவரை இயற்பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு. நாம் அண்ணா, அக்கா போடும் இடத்தில் அவர்கள் எம்பாக்கோ போடுகிறார்கள். வழக்கு மங்கி வருகிறது என்று 2013இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

வெளியூர்க்காரருக்கும் கேட்டால் வைத்துவிடுவார்கள். எனக்கு அகீக்கி. விடுதிக் காவலாளியும் அகீக்கி, எதிர்க் கடைக்காரரும் அகீக்கி. காலையில் ஒருவன் "அகீக்கி!" என்றால் மூன்று பேர் திரும்பினோம்.

பாதுகாப்பு?

ஊர் அமைதியானது. ஆனால் காங்கோ எல்லை பக்கம் என்பதை மறக்க வேண்டாம். ஏடிஎஃப் என்ற ஆயுதக் குழு 2023இல் ம்போண்ட்வே எல்லையோரப் பள்ளியில் மாணவர்களைக் கொன்றது. அதே ஆண்டு அக்டோபரில் குயின் எலிசபெத் பூங்காவில் தேனிலவுக்கு வந்த தம்பதியையும் அவர்கள் வழிகாட்டியையும் கொன்றது. இரண்டும் நாட்டையே உலுக்கிய சம்பவங்கள். 2022இலும் 2025இலும் எபோலா வந்து அடங்கியது. 2022இல் அது தொடங்கிய முபெண்டே, ஃபோர்ட் போர்ட்டல் போகும் சாலையில்தான் இருக்கிறது. பயந்து விட்டுவிடச் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பும் கிளம்பும் வாரத்திலும் வெளியுறவுத் துறை எச்சரிக்கைகளையும் உள்ளூர்ச் செய்திகளையும் படியுங்கள். நிலைமை சரியில்லை என்றால் தள்ளிப்போடுங்கள், காடு எங்கும் போய்விடாது.

நம் பணம் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறதா?

பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. கிபாலேயை ஒட்டிய வனவிலங்கு வழித்தடத்தில் குடியேறியிருந்த ஏறத்தாழ 30,000 பேரை 1992இல் அரசு வெளியேற்றியது. இன்றும் காட்டோரத்தில் யானை இரவில் இறங்கி ஒரு குடும்பத்தின் சோளத்தை முழுக்கத் தின்றுவிட்டுப் போகும். அகழி வெட்டுகிறார்கள், தேன்கூடு கட்டித் தொங்கவிடுகிறார்கள். கூடலூரிலோ கோவைப் பக்கமோ விவசாயம் பார்ப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பிகோடி மாதிரி ஊரார் நடத்தும் இடங்களில் ஒரு நாள் கூடுதலாகச் செலவழியுங்கள் என்கிறேன்.

குழந்தைகள், பெரியவர்கள்?

சிறு குழந்தைகளுக்குச் சிம்பன்சி நடையில் அனுமதி இல்லை. ஏரி, பிகோடி, வெந்நீர் ஊற்று எல்லாம் போகலாம். பெரியவர்களுக்கு முழங்கால் நன்றாக இருந்தால் போதும். மலையேற்றம் கிடையாது, வேரும் சேறும்தான்.

பணம், போன், மின்சாரம்?

டாலருக்குச் சுமார் 3,600 ஷில்லிங் கணக்கு. பழைய டாலர் நோட்டு, கசங்கியது, கிழிந்தது எதையும் தொட மாட்டார்கள். புது 100 டாலர் தாளுக்குத்தான் நல்ல விலை. ஊரில் ஏடிஎம் உண்டு, கிராமத்தில் ரொக்கம்தான். சிம் கார்டுக்கு ஏர்டெல் கடையே இருக்கிறது, வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பிளக் மூன்று சதுரக் கால் கொண்டது. இலங்கையிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய அடாப்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்?

நான்கு இரவாவது. கம்பாலாவிலிருந்து ஓடிவந்து, சிம்பன்சியைப் பார்த்துவிட்டு, மறுநாளே கொரில்லாவுக்கு ஓடுவதுதான் வழக்கமான சுற்றுலாத் திட்டம். அப்படிப் போனால் அந்த 250 டாலர் ஒரு மணி நேரம் மட்டும்தான் கையில் நிற்கும். முதல் நாள் சும்மா ஊர் சுற்றுங்கள். அடுத்த நாள் காடு. மூன்றாம் நாள் பிகோடி. நான்காம் நாள் ஏரிகளுக்கு நடை. ஐந்தாவது இருந்தால் செமுலிகி.

கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது?

பைனாகுலர், மழைக்கோட்டு, முழுக்கை சட்டை. முக்கியமாக நீளமான காலுறை. பேன்ட்டை அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். காட்டுப் பாதையில் படை எறும்புகள் நாடா மாதிரி வரிசையாகக் கடக்கும். வழிகாட்டி "எறும்பு, ஓடு!" என்றால் ஏன் என்று கேட்காமல் ஓடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் நின்று படம் எடுத்தார். அடுத்த ஐந்து நிமிடம் அந்த மனிதர் மரத்துக்குப் பின்னால் பேன்ட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்.